வடிவாய்ப் பார்

பகலில் நான் பீட்ஸா கூப்பன் செய்கிறவன்.
வீடு விற்கும் முகவர்களின் பற்களை
பஸ் தரிப்பிட வாங்கில்களுக்காக வெளுக்கிறவன்.
ஒரு பல் எவ்வளவு வெள்ளை தாங்கும் என்று
என்னைக் கேட்டால் சொல்லுவேன்.

ஜனவரி. ஸ்காபரோ.
எக்ளின்டன் வீதியில் பதினேழு மாடி.
எங்கள் ரேடியேற்றர்கள்
சாமிப்படங்கள் மாதிரிச் சுவரோடு இருந்தன,
தொட்டுக் கும்பிடலாம், சூடு வராது.

அலுவலகம் ஒட்டிய அறிவித்தலில் தமிழும் இருந்தது.
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
அரவு தனியே ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு,
யாரோ மொழியைப் படியால் உருட்டிவிட்டது போல.
'பொறுமைக்கு நன்றி' என்பது மட்டும்
எப்படியோ உடையாமல் தப்பியிருந்தது.

யோகமலர் அக்கா கதவைத் தட்டினா.
"நீ உந்தப் படம் கீறுற வேலைதானே.
எங்களுக்கும் ஒண்டு கீறித் தா."

ஒரு கிழமை எடுத்தேன்.
உயர்த்திய கைகள் பதினேழு, மாடிக்கொன்று.
பின்னால் சூரியன்.
சிவப்பை மூன்று முறை மாற்றினேன்.
ஐந்து மொழிகளில் 'ஒன்றுபடுவோம்',
புள்ளி ஒவ்வொன்றும் தன் மெய்யின் தலையில்.
லிஃப்ற்றுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு
ஊத்தை உடுப்புக் கூடையோடு நின்று
பார்க்கிறவர்களைப் பார்த்தேன்.

"வடிவாய் இருக்கு தம்பி."
வடிவாய் இருக்கு என்றபடியே
லிஃப்ற்றுக்குள் போனார்கள்.
மரிசெல் அதைப் படம் எடுத்து
மணிலாவில் தங்கைக்கு அனுப்பினா.
கூட்டத்துக்கு நாலு பேர் வந்தோம்.
அதில் ஒருவர் சலவை அறை தேடி வந்தவர்.

ஐந்தாம் நாள் காலை
என் சூரியனின் நடுவில், நீலப் பேனாவால்:
1408. குசினி 13 பாகை. பிள்ளைக்குச் சளி.

கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்,
குளிருக்கு வராத கோபம்.
நகத்தால் சுரண்டியும் பார்த்தேன்.
அதற்குக் கீழே இன்னொரு கை, சோமாலியில்.
எண் மட்டும் விளங்கியது: 14.
இடுப்பு உயரத்தில், மூன்றாம் மாடிப் பெடியன்:
எங்கட மீன் செத்துப் போச்சு.

எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகு.
வடிவாய்ப் பார் என்றால்
கண்ணை எடுக்காதே, முழுதாய்ப் பார்.
பதினொரு வருடம் இந்தத் தொழிலில்.
முதலாவதுக்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அன்றிரவு கைகளை அழித்தேன், பதினேழையும்.
சூரியனை அழித்தேன், அது கொஞ்சம் நோகத்தான் செய்தது.
மேலே ஒரே ஒரு எண், முழங்கை நீளத்தில்: 21.
சட்டம் சொல்கிற சூடு.
கீழே வெறுங் கட்டங்கள், வீட்டுக்கு ஒன்று.
நூலில் கட்டிய ஒரு பேனா.
யாரும் வடிவென்று சொல்லவில்லை.
நின்றார்கள். லிஃப்ற் வந்து, திறந்து,
ஆளில்லாமல் மேலே போனது.

சனிக்கிழமை பேனாவில் மை முடிந்தது.

திங்கள் மிலோராட் வந்தான், கட்டடப் பராமரிப்பு.
கிழிக்கச் சொல்லி உத்தரவு.
சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து,
நிலவறைக்குக் கட்டம் இல்லாததால் ஓரத்தில்
12 என்று எழுதினான்.
பிறகு கிழித்தான். ஒட்டுநாடா சுவரில் நின்றது.
நான் இருபது பிரதி வைத்திருந்தேன்.

பெப்ரவரியில் நகரசபை ஆள் வெப்பமானியோடு வந்து
முதலில் அந்தக் கட்டங்களைத்தான் படித்தார்.
பொறுமையாக, விரல் வைத்து, வரிசை வரிசையாக.
எட்டாம் மாடி வரை இப்போது சூடு.
மேலே இன்னும் சாமிப்படங்கள்தான்.

இன்று காலை 1408க்கு நேரே
19 என்று எழுதி, வெட்டி,
18 என்று திருத்தியிருக்கிறது.

வேலைக்குப் போகிற வழியில்
ஒரு பெட்டி பேனா வாங்கவேண்டும்.
பத்து மணிக்கு ஒருவரின் பற்கள் காத்திருக்கின்றன.