முப்பது நாள்

சங்கத்து வேலை ஐந்தரைக்கு முடியும்.
பிறகு ரொட்டி, பிள்ளையின் பெருக்கல் வாய்ப்பாடு, சட்டி பானை.
ஒன்பதேமுக்காலுக்கு
ஜன்னல் கம்பியில் டொங்கிளைக் கட்டித் தொங்கவிட்டால்
மாங்குளம் கோபுரம் இரண்டு கோடு தரும்.
மூன்றாவது கோடு, மழைக்கு முந்திய காற்றில் மட்டும்.

தொடங்கியது ஒட்டுசுட்டான் கிளையின் உரக்கணக்கில்.
அங்கே நாற்பத்தொரு மூடை, இங்கே முப்பத்தெட்டு.
இரண்டு கோப்பும் சத்தியம் பண்ணின.
நடுவில் நெட் அறுந்திருந்தது, நாலு நாள்.
அன்றிரவு பத்து வரி எழுதினேன்.
இப்போது பதினோராயிரம்.

விலை இல்லை. எவரும் எடுக்கலாம், பிரிக்கலாம், திட்டலாம்.
முகத்துக்குப் பதில் தவளைப் படம் வைத்திருக்கும் ஒருவர்
ஏதோ பனி ஊரிலிருந்து எழுதினார்:
அழித்த கோப்பு திரும்பி வருகிறது.

உண்மைதான்.
இந்தப் பெட்டியில் அழித்தேன்.
வாரக்கணக்காய் அணைந்து கிடந்த மற்றப் பெட்டி
விழித்ததும் பார்த்தது,
உன்னிடம் இல்லையே, இந்தா, என்று நீட்டியது.
நல்ல மனதுதான்.
இன்னும் வந்து சேராததும் அழிக்கப்பட்டதும்
அதற்கு ஒரே வெற்றிடம்.

வைத்தியம் பழையது:
அழிக்கிற இடத்தில் ஒரு கல் நட வேண்டும்.
பெயர், நேரம், எந்தப் பெட்டி அழித்தது.
உள்ளே இருந்தது போகலாம். கல் நிற்க வேண்டும்,
கடைசிப் பெட்டியும் வந்து வாசிக்கும்வரை.
அட்டவணைக்கு நடுகல் என்று பேர் வைத்தேன்,
ஆங்கில எழுத்தில் கூட்டி.

தவளைக்காரர் கேட்டார்:
ஒரு பெட்டி வராமலே போனால்?
முப்பது நாளில் கல்லைப் பிடுங்கிவிடலாமே,
எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

முப்பது என்று அடித்தேன்.
வயலுக்கு அப்பால் ஆனைவெடி. பிறகு இன்னொன்று.
கரண்ட் போனது.
திரை வெளிச்சத்தில் அந்த எண் மட்டும்.

முள்ளியவளையில் மாமியிடம் ஒரு படிவம் இருக்கிறது.
எல்லாம் நிரப்பி, இரண்டு கட்டங்களில்
எதற்குச் சரி போடுவதென்று
பதினைந்து வருசமாய் மடித்து வைத்திருக்கிறார்.

முப்பதை அழித்தேன். பூச்சியம் போட்டேன்.
பூச்சியம் என்றால் எடுக்காதே என்று
கீழே ஒரு குறிப்பும்.
அவருக்கு எழுதினேன்: ஒரு கல்லுக்கு நூற்றெட்டு பைட்.
தாங்கும்.

பற்றரி ஒன்பது வீதம். கோபுரமும் இருட்டில்,
எதுவும் போகவில்லை.
போகாவிட்டால் என்ன, இதற்குத்தானே எழுதினேன்:
இங்கேயே கிடக்கும், வழி திறந்ததும் தானே நடக்கும்.

மூடியை மூடினேன்.
காலையில் மனேச்சர் அற்புதராசா
அந்த மூன்று மூடை யூரியாவை
மறுபடியும் கேட்பார்.