ஒரு மாத்திரை குறைவு

ஒப்பந்தம் முடிய ஒன்பது நாள் இருந்தது.
பாரத்தில் 'உங்கள் விருப்பம்' என்ற கட்டத்தில்
ரீசைன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.
மறுபடியும் கையெழுத்து. வேறென்ன?
பாயான் லெப்பாஸில் ஐந்து தடவை போட்டதுதானே.

வெள்ளிக்கிழமை பண்டான் கேக் வெட்டினார்கள்.
எதற்கு என்றேன்.
வெட்கப்படுகிறாள் என்று கை தட்டினார்கள்.
என்சிக் ரொஸ்லான் உறையில் ஐம்பது வெள்ளி வைத்து
உடம்பைப் பார்த்துக்கொள் என்றார் மலாயில்.
எட்டாம் மேசை ஃபரிடா ஓரமாய் அழைத்துப் போய்
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்,
நாற்காலி மெத்தையை விட்டுவிட்டுத்தானே போகிறாய்?

திங்கள் காலை, ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது
ஆபீஸ் மிஸ் ஊய் கூப்பிட்டு விளக்கினாள்:
நடுவில் ஒரு சின்னக் கோடு இழுக்க வேண்டுமாம்.
இழுத்தால் ரீசைன், மறுபடி ஒப்பமிடுவது.
விட்டுவிட்டால் ரிசைன்,
விட்டுவிட்டுப் போவது.

வாயால் சொல்லும்போது நான் நெடிலாய்த்தான் சொன்னேன்.
எங்கள் எழுத்தாயிருந்தால்
ரி தலையில் ஒரு சுழி போதும், ரீ ஆகிவிடும்.
அவர்கள் எழுத்தில் சுழி கிடையாது.
அது என் தலையில் இருந்திருக்கிறது.

சிரிக்காதீர்கள். என் வேலை என்ன தெரியுமா?
நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து
நகத்தளவு சில்லில் கோடு தேடுவது.
முடியைப் பத்தாய் வகிர்ந்த கோடு தெரிந்தாலும்
சிவப்புத் தட்டில் தள்ளிவிடுவேன்.
பதினொரு வருஷம், கோடு இருந்தால் கழிவு.
இங்கே கோடு இல்லாததற்கு
என்னை எடுத்துத் தட்டில் போட்டார்கள்.

பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம் என்று
பழைய தாளையே நீட்டினாள் மிஸ் ஊய்.
அவள் பேனாவையும் கொடுத்தாள்.
கீழே என் கையெழுத்து, த. கனகவல்லி.
இரண்டு வார்த்தைக்கும் அதே கையெழுத்துச் செல்லுமாம்.
மேலே ஒரு கோடு. அரை விநாடி வேலை.

அந்த மூன்று நாளில்
ஏன் போகிறாய் என்று
ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருந்தால்
அங்கேயே இழுத்திருப்பேன்.

பஸ் ஹாரன் அடித்தது. நாளைக்கு என்று சொல்லித்
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.
பாலம் முழுக்க நெரிசல்,
பிறையில் இறங்கும்போது மணி ஒன்பது.
படுத்தால் தூக்கம் வரவில்லை.
தலை விண் விண்ணென்று தெறிக்கிறது.
மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
ஒன்றா, இரண்டா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.