நானூற்றொன்று

பெரிய வளையத்தில் நேரம் கேட்டு
மூன்று முறை எழுதினோம்.
மூன்றாம் மறுப்புக் கடிதத்தில்
எங்கள் பெயர்களில் எழுத்துப்பிழை இல்லை.
முன்னேற்றம்தான் என்றார் ஹென்னிங்.

பிறகு கோட்டிங்கன் நகரின் வடக்கே,
சைக்கிள் கொட்டகைக்கு அடியில் உள்ள கீழ்த்தளத்தில்,
ஒரு மேசை.
நான்கு காற்றுக்கால்கள்; ஒன்றில் காற்று நிற்காது.
அதன்மேல் ஒரு லேசர்.
ஒரு சிட்டிகை கிரிப்டான் வாயு சீறி வரும்,
லேசர் அதைச் சுடும்,
கடுகைவிடச் சிறிய நெருப்பு ஒன்று
பிறந்து உடனே சாகும்.
நொடிக்கு ஐந்து பிறப்பு, ஐந்து சாவு.
அவர்களுக்கு அது எக்ஸ் கதிர்.
மெக்கானிக்கான எனக்கு
மூடத் தெரியாத யாரோ விட்டுப்போன குழாயின் சொட்டு.

இந்தக் கதிருக்கு ரோஷம் அதிகம்.
காற்றில் ஒரு விரற்கடைகூட நடக்காது.
சரி, காற்றை எடு.
எடுத்தால் தண்ணீருக்குப் பித்துப் பிடிக்கிறது:
கொதிக்கிறது,
கொதித்துக்கொண்டே உறைகிறது.

ஸ்வான்ட்யே இரண்டு தாரைகளை மோதவிட்டாள்,
மயிரிழைத் தாரைகள்.
மோதிய இடத்தில் தண்ணீர் இலையாக விரிந்தது,
நரம்பில்லாமல், இரண்டு காம்புகளோடு.
மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன்.
ஓரத்தில் சோப்புக்குமிழி நிறங்கள்.
கணந்தோறும் வேறு தண்ணீர்,
இலை மட்டும் அதே இலை.
நான் அதற்கொரு பெயர் வைத்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பக்கம் கரி, அந்தப் பக்கம் பிராணவாயு,
இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து;
அங்கே மட்டும் தண்ணீர் ஒதுங்கிக் கதிருக்கு வழிவிடும்.
அந்தச் சந்தில் நின்றுதான்
கரைந்துபோன யூரியாவின் நைட்ரஜனைத் தேடினோம்.
யூரியாவா, மூத்திரத்தில் இருக்குமே அதுவா
என்று கேட்டாள் துப்புரவுக்கு வரும் மிலெவா.
ஆமாம், தண்ணீருக்குள் அது எப்படி உட்கார்ந்திருக்கிறதென்று பார்க்க.
பார்த்து?
ஹென்னிங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
வெகுநேரம்.

இலையிலிருந்து வழிந்தது கீழே உறைந்தது.
உறைந்தது மேல்நோக்கி வளர்ந்தது,
வெள்ளையாய், விரல்போல், அவசரமில்லாமல்.
அதிகாலை மூன்று மணிக்கு நுனியைத் தொட்டு
இலையைக் கொன்றது.
ஒன்பது இரவுகள் இதே கதை.
செப்புக்கம்பியைச் சூடாக்கி நான் அதை வெட்டினேன்.
மறுநாள் அது வேறு பக்கமாக வந்தது.

பத்தாம் இரவு, நானூற்றொன்றில்
ஒரு கோடு எழுந்தது.
ஊசிபோல். அவ்வளவு கூர்மை.
ஸ்வான்ட்யே முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள்.
ஹென்னிங் இழுப்பறையிலிருந்து
பிளம் சாராயத்தையும் மூன்று பீக்கர்களையும் எடுத்தார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.
இலையை நிறுத்திப் பார் என்றேன்.

நிறுத்தினாள்.
இலை இல்லை.
கோடு இருந்தது.

யூரியா இல்லை அது. காற்று.
லைனே ஆற்றின் மேல் வீசி, சைக்கிள்களுக்கிடையே நுழைந்து,
எங்கள் நெஞ்சுக்குள் போய்த் திரும்பி,
எங்கோ ஒரு கசிவு வழியே உள்ளே போன
சாதாரணக் காற்று.
பத்து இரவு விட்ட பெருமூச்சை
மிகத் துல்லியமாக அளந்திருந்தோம்.

மூன்றாம் விளிம்பைக் கழற்றினேன்.
ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு மயிர்.
நரைத்தது.
அந்த அறையில் நரைத்தவள் நான் ஒருத்திதான்.
ஹென்னிங் வழுக்கை.

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பன்னிரண்டாம் இரவு வந்தது கோடல்ல,
ஒரு மேடு.
மழுங்கியது, சற்றே வலப்புறம் தள்ளி,
நாலாபுறமும் தண்ணீர் பிடித்திழுக்கும் ஒன்று
வேறெப்படி இருக்கும்?
இலையை நிறுத்தினோம், போயிற்று.
விட்டோம், வந்தது.
நிறுத்தினோம்.
விட்டோம்.
விடியும்வரை இதையே செய்தோம், குழந்தைகள்போல்.
சாராயம் நினைவுக்கே வரவில்லை.

அந்த மயிரை ஸ்வான்ட்யே
ஆய்வக நோட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டியிருக்கிறாள்.
கீழே தேதி. அதன் கீழே, பென்சிலில், 401.
நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.
மேசையின் கால் இன்னும் சீறுகிறது,
திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.