பால்கனியில் ஒரு வான்கோழி

இரண்டு நாளாகக் கிடக்கிறது.
குட்டாய்சியின் டிசம்பர்தான் அதற்குக் குளிர்பெட்டி.
சிகரெட் பிடிக்கப் போகும்போதெல்லாம்
பைக்குள்ளிருந்து ஒற்றைக்கால் நீட்டி
"எப்போது?" என்கிறது.
நாளைக்கு என்கிறேன்.
நாளையோடு வருஷம் முடிகிறது.

பன்னிரண்டு மணி நேரம் மினி பஸ் ஓட்டி வந்திருக்கிறேன்.
ஸ்டீயரிங் பிடித்த விரல்கள்
இன்னும் வளைந்தே இருக்கின்றன.
பை பையாக மாண்டரின், சில்லறைச் சண்டை,
மடியில் கேக்கை வைத்துக்கொண்டு
பள்ளத்துக்குப் பள்ளம் என்னைத் திட்டிய ஓர் அம்மாள்.
ஊரே யாருக்கோ சமைக்கப் போகிறது.
எனக்குக் காலுறை கழற்றவே மனசில்லை.

சியாலா இத்தாலியில், பாரியில் இருக்கிறாள்.
அங்கே ஒரு கிழவருக்கு
உப்பில்லாத சூப் வைத்துக் கொடுக்கிறாள்.
அவள் இங்கே இருந்த வருஷங்களில்
சாத்சிவி தானாக மேசைக்கு வரும்,
மழை வருவதுபோல.
நான் ஒயின் ஊற்றுவேன்.
நீட்டி முழக்கி வாழ்த்துவேன்.
சமைத்த கைகளுக்கென்று ஒரு கோப்பை உயர்த்துவேன்.
அந்நேரம் அந்தக் கைகள்
உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்.

"முடியலைன்னா விடுங்க நுக்சார்,
கடையில வாங்கிக்கலாம்"
என்று குரல் அனுப்பியிருந்தாள்.
விட்டுவிட்டேன்.
வெந்நீரில் கால் வைத்ததுபோல்
இதமாக இருந்தது அந்த முடிவு.
அப்போது தெக்லே வந்து நின்றாள். பதினோரு வயது.
"முட்டை பொரிச்சா போதும்ப்பா.
பச்சானாகிட்டயும் சொல்லிட்டேன், அவன் அழமாட்டான்."
சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள்.

அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது என்றால்
கேட்க அழகாக இருக்கும்.
எழவில்லை. கோபம்தான் வந்தது.
யாரைக் கேட்டு என்னை மன்னித்தாள்?

பசித்தது.
மாமனார் தந்த வால்நட் மூட்டை காலடியில்.
ஒன்றை உடைத்தேன், தின்னத்தான்.
இன்னொன்று, முதலாவது சொன்னது மெய்யா என்று பார்க்க.
அப்புறம் கை என்னைக் கேட்கவில்லை.
கிண்ணம் நிறைந்ததைக் கவனித்தபோது
மணி ஒன்றேகால்.
இது சமையல் இல்லை, வெறும் உடைப்பு
என்று சொல்லிக்கொண்டேன்.
தண்ணீர் வைத்ததும் சமையல் இல்லை,
அறை குளிர்ந்தது, அடுப்பு வேண்டியிருந்தது.
கொதிக்கிற தண்ணீரைச் சும்மா விடுவானேன்?
பால்கனிக் கதவைத் திறந்தேன்.
"வந்தியா" என்றது வான்கோழி.

அரவை மிஷினை மேசை விளிம்பில் முடுக்கும்போது
அடியில் அவள் செருகும் மரச்சில்லைக் காணவில்லை.
என் பழைய ஓட்டுநர் அட்டையை
இரண்டாக மடித்துச் செருகினேன்.
முதல்முறையாக அது ஆடாமல் நின்றது.
பூண்டு, கொத்தமல்லி விதை, வினிகர்.
காய்ந்த சாமந்தியிதழ்ப் பொடி எவ்வளவு?
பாரியில் இப்போது பதினொன்று தாண்டியிருக்கும்.
கேட்கவில்லை.
போன வருஷத்து மேசைவிரிப்பை எடுத்து வந்து
அதிலிருந்த மஞ்சள் கறையைப் பக்கத்தில் வைத்து
நிறம் சேரும்வரை தூவினேன்.

மறுநாள் இரவு,
ஆறிக் கெட்டியான குழம்பை
மாமனார் ஷால்வா ஒரு வாய் எடுத்தார்.
நெடுநேரம் மென்றார்.
"ரொட்டி கொடு" என்றார்.
பிறகு மறுபடியும் ரொட்டி கேட்டார்.
உப்புச் சாடிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த போனில்
சியாலா கேட்டாள்:
"ரெண்டு தரம் அரைச்சீங்களா?"
"ரெண்டு தரம்."
"தட்டைக் காட்டுங்க."
காட்டினேன்.
திரை முழுக்க அவள் மூக்காகும்வரை
குனிந்து பார்த்தாள்.
"ஒரு தரம்தான்."

கோப்பையைத் தூக்கி
சமைத்த கைகளுக்கு, என்று ஆரம்பித்துவிட்டேன்.
பழக்கதோஷம்.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
எல்லோரும் ரொட்டியைப் பார்த்தார்கள்.
பச்சானா மட்டும் மென்றுகொண்டிருந்தான்.
அரைபடாத துணுக்கு ஒன்று
அவன் கடைவாயில் நொறுங்கியது,
பாரிக்கே கேட்கும்படி.