நாத்தனாரின் காலுறைகள்

வெள்ளி இரவு பதினொன்றரைக்குக்
கணவாயில் அவளை இறக்கிவிட்டோம்.
நெற்றி விளக்கைப் பொருத்தியபடி
"ஒன்பதுக்கு நான்ட் பெரிஸில்
தேநீர் சூடாக இருக்கட்டும்" என்றாள்,
என்னிடம் அல்ல, தன் தம்பியிடம்.
பதினொரு வருடமாக அப்படித்தான்.
எனக்குச் சொல்ல வேண்டியதை
இத்ரிஸின் தோளுக்குச் சொல்வாள் ஹெலெத்.

பதினைந்து சிகரங்கள். இருபத்து நான்கு மணி நேரம்.
வேல்ஸின் வடக்கில் மூவாயிரம் அடி தாண்டிய எல்லாமும்
ஒரே மூச்சில்.
ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு என்று
யாரும் கேட்கவில்லை.
அந்தக் குடும்பத்தில் கேள்வி கேட்பது
வீட்டுக்குள் செருப்போடு நடப்பது மாதிரி.

மலை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.
நான் பார்த்தது வண்டி நிறுத்தங்களை.
நாணயத்தைத் துப்பித் துப்பித் தரும் சீட்டு இயந்திரம்,
எங்கள் சக்கரத்தில் முதுகு தேய்த்துப் போன ஓர் ஆடு,
மேலே, மலை இருக்க வேண்டிய இடத்தில்
அழுக்குப் பஞ்சு.
பின்னிருக்கை என் பொறுப்பு:
உப்புத் தூவி வேகவைத்த உருளைக்கிழங்கு,
கறுத்துவரும் வாழைப்பழங்கள்,
நான்கு ஜோடிக் காலுறை.
மூன்றில் அவள் கையெழுத்தில் சீட்டு:
பெரிஸ். ஓக்வென். மழை பெய்தால்.
நாலாவதில் ஒன்றுமில்லை.

ஒன்பதுக்கு வரவில்லை.
பத்து பத்துக்கு வந்தாள்.
கத்தி முதுகுபோன்ற முகட்டில் காற்று
தவழ வைத்துவிட்டதாம்.
நின்றபடியே தின்றாள்.
தேநீர் ஆறிவிட்டது என்று
தோளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓக்வென் ஏரிக்கரையில் மாலை ஆறரை.
இத்ரிஸ் ஸ்டியரிங்கில் முகம் புதைத்துத் தூங்குகிறான்.
அவள் காலணியைக் கழற்றினாள்.
குதிகாலில் தோல்
வெந்த தக்காளியில் உரிவதுபோல் உரிந்திருந்தது.
"நீயே கட்டு. அவனுக்கு ரத்தம் ஆகாது."

நீயே.
நான் பாங்கரில் நாய்களுக்குக் கட்டுப் போடுகிறவள்.
துடைத்தேன், பொடி தூவினேன், நாடா சுற்றினேன்.
பழக்கதோஷத்தில்
"சமர்த்து, அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று
வாய் சொல்லிவிட்டது.
உதைப்பாள் என்று நினைத்தேன்.
மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.
கெத்தினைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு
கடைசி ஏழுக்குக் கிளம்பிவிட்டாள்.

பிறகு இரவு.
ஆபெரில், கடலுக்குப் பக்கத்தில்,
கைப்பேசியில் ஒரு கோடுகூட இல்லாத இரவு.
கெடு அதிகாலை நான்கு.
நான்கு வந்தது, போயிற்று.
வானம் வெளுத்தது, மோன் தீவு தெரிந்தது,
அவள் தெரியவில்லை.
என் காலுறை பனியில் நனைந்து பிசுபிசுத்தது.
சீட்டில்லாத ஜோடியை மாட்டிக்கொண்டு
மண்பாதையில் ஏறினேன்.
மூன்று வாயிற்கதவு தாண்டி மூச்சு வாங்கியது.
மலையேற்றத்தில் என் பங்கு அவ்வளவுதான்.

நன்றாக விடிந்த பின்னும்
விளக்கை அணைக்க மறந்து
இருவர் இறங்கி வந்தார்கள்.

"அரை மணி தாமதம்" என்றாள், நேராக என்னைப் பார்த்து.
வழியைவிட்டு ஒதுங்கி நிற்கும் சிகரம் ஒன்று;
போய், வந்த வழியே திரும்ப வேண்டும்.
விட்டுவிடலாம், இந்த இருட்டில் யார் பார்க்கிறார்கள்
என்றானாம் கெத்தின்.
"நான் பார்க்கிறேனே" என்றாள்,
இப்போதும் அவனோடு வாதாடுவதுபோல.
பதினைந்தும் ஏறியாயிற்று. கணக்கில் தோல்வி.
அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்
வாழைப்பழத்தை நீட்டினேன்.
தோலோடு கடித்தாள்.

திரும்பும்போது நான் ஓட்டினேன்.
முன்னிருக்கையில் வாய் திறந்து தூங்கினாள்.
இத்ரிஸ் பின்னால், ஈர மூட்டைகளுக்கு நடுவே,
யாரும் பேசாத தோளோடு.

திங்களன்று அந்தக் காலுறைகளைத் துவைத்தேன்.
கம்பளி. வெந்நீரில் போட்டிருக்கக் கூடாது.
குழந்தைக்குச் சேரும் அளவில் சுருங்கிக் கிடக்கின்றன.
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.