தற்குறி

ரெஜைனா, காணிப் பதிவகத்தின் நிலவறை.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
உள்ளே நானும் ஒரு ஸ்கேனரும்
நூற்றிருபது வருடமாய் மடிந்தே கிடந்த தாள்களும்.
மணிக்குத் தொண்ணூறு பக்கம் இலக்கு.
வாசிக்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.

வாசித்தேன்.

நூற்று அறுபது ஏக்கருக்கு ஒரு சீட்டு.
சீட்டு கைமாறியது
முப்பத்தைந்து டொலருக்கும் ஒரு கம்பளிக் கோட்டுக்கும்.
விற்றவரின் இடத்தில் ஒரு பெருக்கல் குறி.
அருகே, சாய்ந்த அழகான எழுத்தில்:
‘எழுத்தறியாதவர். வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது.’

தற்குறி என்போம் நாங்கள்.
கடைசி வாங்கில் பையனைத் திட்டவும்
அதே சொல்தான்.

நாற்பதாவது தாளில் கை நின்றது.
எல்லாக் குறிக்கும் வலக்கால் நீளம்.
எல்லாக் குறியின் முடிவிலும்
ஒரு சொட்டு மை தேங்கி உலர்ந்திருக்கிறது.
நாற்பது பேர்.
ஒரு கை.

இரண்டு மேசை தள்ளி ஜானிஸ் ஃபயான்
ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன்.
‘நார்சிஸ் எங்கள் ஆள்’ என்றாள்.
‘அவருடைய பைபிள் வீட்டில் இருக்கிறது.
பதினொரு பிள்ளை பிறந்த தேதியும்
அவரே எழுதினார். பிரெஞ்சில்.’
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பாதி ஆப்பிளைக் கூடையில் போட்டுவிட்டு
தன் தாள்களுக்குத் திரும்பினாள்.

தன் கையால் இடாததை
எப்படித் தற்குறி என்பது?

திரையில் ஒரு பெட்டி கேட்கிறது:
கையொப்பம் உண்டா? ஆம். இல்லை.
நிரப்பாமல் அடுத்த தாள் திறக்காது.

ஏகாதிபத்தியத்துக்குக் காரணம் ஐந்து தருக
என்று பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி.
மூலப்பொருள், சந்தை, மதம், இன்னும் இரண்டு.
ஐந்துக்கு ஐந்து புள்ளி வாங்கினேன்.
விடையில் எங்கும் எழுதவில்லை
நல்ல கையெழுத்துள்ள ஒரு குமாஸ்தாவை,
அவனுடைய பொறுமையை,
மை பரவாமல் ஒற்றியெடுத்த அவன் தாளை.

இந்தச் சமவெளியைச் சங்கிலியால் அளந்தார்கள்.
அறுபத்தாறு அடி, நூறு கண்ணி.
எங்கள் பக்கம் சங்கிலி
கடைசி அரசனின் பெயர்.
அவனைக் கப்பலேற்றிய பிறகு
போர்த்துக்கேயர் உட்கார்ந்து தோம்பு எழுதினார்கள்:
எவன் காணி, எத்தனை பனை, எவ்வளவு இறை.
பின்னால் வந்த ஒல்லாந்தர்
பிழை திருத்தி மறுபடி எழுதினார்கள்.

என் பேரிலும் இரண்டு உறுதி.
கட்டுவனில் நாலு பரப்பு. கிழக்கே ஒழுங்கை,
தெற்கே சின்னத்தங்கத்தின் வளவு,
நொத்தாரிசின் முத்திரை மங்கவேயில்லை.
காணிக்குள் இராணுவம் வாழை நட்டிருக்கிறதாம்.
உறுதி அலுமாரியில் பத்திரம்.

மற்றது இங்கே: லொட் பதினேழு, புளொக் ஆறு.
எல்லையில் அயலவர் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
மதிய இடைவேளையில் பின்னோக்கித் தேடினேன்.
எனக்கு முன் ஒரு பல் வைத்தியர், அவருக்கு முன் ஒரு விதவை,
அப்படியே போய் ரயில் கம்பனி.
கம்பனிக்குக் கொடுத்தது அரசு.
அரசுக்குக் கொடுத்தவர் என்ற இடத்தில்
வெற்றிடம்கூட இல்லை. பட்டியல் அங்கே தொடங்குகிறது.

அடமானத்துக்குப் பத்தொன்பது இடத்தில் ஒப்பமிட்டேன்.
என் கையெழுத்தும் நல்ல கையெழுத்து.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது.
வாசல் பனியை வாரும்போது
மண்வாரி எதிலோ மோதித் தோள்வரை அதிர்ந்தது.
எல்லை இரும்பு.
உதைத்துப் பார்த்தேன். உறைந்த மண்ணில் அசையவில்லை.
அடுத்த வீட்டுக்காரன் அந்தப் பக்கம் நின்று கை காட்டினான்.
நானும் காட்டினேன்.

நாளை எட்டு மணிக்கு
அந்தப் பெட்டி.