ஐந்தில் ஒரு பங்கு

இந்த அருங்காட்சியகத்தில் விதி இது:
நகல், மூலத்தைவிட
ஐந்தில் ஒரு பங்காவது சிறிதாக இருக்க வேண்டும்.
துணி வியாபாரி, பெயர் தெரியவில்லை.
வரைந்தவர் பெயரும் தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமை மட்டும் முக்காலி தருவார்கள்.
தரைக்கு விரிப்பு நான் கொண்டுவர வேண்டும்.

முதல் மூன்று வாரம் அவருக்குப் பச்சை முகம்.
அடியில் பச்சை மண் பூசிக் காயவிட்டால்தான்
மேலே வரும் சிவப்பில் ரத்தம் ஓடுமாம்.
கென்ட் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து
"இவருக்கு வாந்தி வருது" என்றார்கள்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.

மூக்கு ஓர் அரிசி அகலம் தள்ளிப்போயிருந்தது.
சுரண்டினேன்.
மறுபடி ஓர் அரிசி, இந்த முறை அந்தப் பக்கம்.
காவலர் லீவன், முழங்கால் வலிக்காரர்,
நாற்காலியை விட்டு எழாமலே சொல்வார்:
"அவசரமில்லை, அவர் எங்கேயும் போகமாட்டார்."

கன்னம்தான் வரவில்லை.
தாடைக்குச் சற்று மேலே ஒரு நிழல்.
பழுப்பு வைத்தால் காயம்.
நீலம் கலந்தால் பிணம்.
துடைத்தால் வீக்கம்.
ஆறு செவ்வாய், டர்பன்டைன் வாடையோடு டிராமில் திரும்பினேன்.
பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள்.

மற்ற நாட்களில் நான் பல் செய்கிறவள்.
ஆளைப் பார்க்காமல், அச்சை மட்டும் பார்த்து,
யாரோ ஒருவரின் மஞ்சளுக்கு மஞ்சள் சேர்த்து
பீங்கானில் கடைவாய்ப்பல் சுடுகிறவள்.
ஏழாவது செவ்வாய்
ரொட்டியை மென்றுகொண்டே அவரைப் பார்த்தேன்.
மெல்வதை நிறுத்தினேன்.

ஐயா,
உங்களுக்கு இடப்பக்கம் கீழே இரண்டு பல் இல்லை.

அது நிழலே இல்லை. பள்ளம்.
உள்ளே முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாமல்
முந்நூற்றுச் சொச்சம் வருடமாகத் தோல் உள்வாங்கியிருக்கிறது.
வரைந்தவன் பார்த்திருக்கிறான். பார்த்ததை வைத்திருக்கிறான்.
காசு கொடுத்தவர் "இது வேணுமா?" என்று
கேட்காமலா இருந்திருப்பார்?
அந்த உதடுகள் இவ்வளவு இறுக மூடியிருப்பது
அதனால்தானோ என்னவோ.

இருட்டைத் தொடவில்லை.
சுற்றியிருந்த சதையைக் கொஞ்சம் உயர்த்தினேன்,
பள்ளம் தானாக விழுந்தது.
லீவன் எழுந்து வந்தார். இரண்டு முழங்காலும் சத்தம் போட்டன.
ஒன்றும் சொல்லாமல் என் நகலைப் பார்த்தபடி
நாக்கால் தன் கன்னத்தை உள்ளிருந்து தடவிக்கொண்டார்.

பின்புறம் 'நகல்' என்று முத்திரை குத்தினார்கள்.
டிராமில் யாருடைய கோட்டோ உரசி
ஈரக் காது கலைந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

புதன்கிழமை, மிச்சமிருந்த பீங்கானில்
இரண்டு கடைவாய்ப்பல் சுட்டேன்,
வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு சிறிதாக.
ரசீதில் 'பெயர்' என்றிருந்த கோட்டின் மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
துணி வியாபாரி
என்று எழுதினேன்.